அமுதாவுக்கு முன்னால் அன்பு வரலாமா?

முதல் வருட சி புரோகிராமிங் லேபில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தப் புரோகிராம் இருந்தே தீரும்: ஐந்தாறு பெயர்களை வாங்கி, செலக்‌ஷன் சார்ட் முறையில் அகரவரிசைப்படுத்தி அச்சிடவும். எண்களை வரிசைப்படுத்தும் புரோகிராமை அதற்கு முந்தைய வாரமே எழுதியிருப்பார்கள். அதையே எடுத்து, எண் இருந்த இடத்தில் கேரக்டர் அர்ரே வைத்து, ஒப்பிடும் வரியையும் இடம் மாற்றும் வரியையும் திருத்தினால் அவுட்புட் வந்துவிடும். ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கம். கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

நான் சி சொல்லிக்கொடுப்பவள். இந்தப் புரோகிராமை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. இதில் அல்காரிதம் சின்னது, பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் அதற்குள் ஒரே ஒரு வரி இருக்கிறது, இந்தப் பெயர் அந்தப் பெயரைவிடச் சிறியதா என்று கேட்கிற வரி. அகரவரிசை முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. செலக்‌ஷன் சார்ட்டுக்கு அகரமும் தெரியாது, ஏபிசிடியும் தெரியாது. அது கேட்கும், பதில் வரும், அதன்படி இடம் மாற்றும். பதில் சொல்வது யார், எதை வைத்துச் சொல்கிறது என்பதுதான் இங்கே கற்க வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அல்காரிதத்தை முடித்துவிடலாம். விடைத்தாள் கட்டை மேசையில் வைத்துக்கொண்டு பெயர் வரிசையில் அடுக்கச் சொன்னால் பலரும் செய்வது இதைத்தான்: கட்டு முழுவதையும் ஒருமுறை புரட்டி, முதலில் வர வேண்டிய பெயரைக் கண்டுபிடித்து, மேலே வைப்பார்கள். பிறகு மிச்சத்தை மறுபடி புரட்டி, அதில் முதலாவதை எடுத்து அடுத்ததாக வைப்பார்கள். சி-யில் எழுதும்போது அதன் எலும்புக்கூடு இப்படி வரும். என் என்பது பெயர்களின் எண்ணிக்கை, மின் என்பது இதுவரை பார்த்ததில் முதலில் வர வேண்டிய பெயர் இருக்கும் இடம், ஸ்டர்கம்ப் என்பது இரண்டு பெயர்களை ஒப்பிட்டுப் பதில் சொல்லும் ஃபங்ஷன்:

ஐ = 0 முதல் என்-2 வரை:
    மின் = ஐ
    ஜே = ஐ+1 முதல் என்-1 வரை:
        ஸ்டர்கம்ப்(பெயர்[ஜே], பெயர்[மின்]) < 0 என்றால் மின் = ஜே
    மின், ஐ இரண்டும் வேறு என்றால் பெயர்[ஐ], பெயர்[மின்] இடம் மாறட்டும்

கரும்பலகையில் நான் ஓட்டிக் காட்டும் பட்டியல்: மீனா, கவிதா, சரவணன், அமுதா, பழனி. முதல் சுற்றில் மின் மீனாவில் நிற்கிறது. கவிதா சிறியது, மின் அங்கே நகர்கிறது. சரவணன் கவிதாவைவிடச் சிறியதில்லை. அமுதா சிறியது, மின் அங்கே போகிறது. பழனி மாற்றவில்லை. நான்கு ஒப்பீடு முடிந்த பிறகுதான் ஒரே ஒரு இடமாற்றம்: அமுதா முதலிடத்துக்கு வர, மீனா நான்காவது இடத்துக்குப் போகிறாள். இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் யாரும் நகர வேண்டியதில்லை, ஒப்பீடு மட்டும் நடக்கிறது. கடைசிச் சுற்றில் மீனாவும் பழனியும் மாறிக்கொள்கிறார்கள். மொத்தம் 10 ஒப்பீடு, 2 இடமாற்றம்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். பல ரெக்கார்டு நோட்டுகளில் செலக்‌ஷன் சார்ட் என்று தலைப்புப் போட்டு எழுதியிருப்பது செலக்‌ஷன் சார்ட்டே இல்லை. மின் என்ற மாறி அதில் இருக்காது. ஐ இடத்தில் இருப்பதையும் ஜே இடத்தில் இருப்பதையும் ஒப்பிட்டு, பெரியதாக இருந்தால் அங்கேயே இடம் மாற்றிவிடுவார்கள். அவுட்புட் சரியாகவே வரும், அதனால் யாரும் கேட்பதில்லை. அது எக்ஸ்சேஞ்ச் சார்ட். மேலே சொன்ன அதே ஐந்து பெயரை அந்த முறையில் பேப்பரில் ஓட்டிப் பாருங்கள். ஒப்பீடு அதே 10 தான், ஆனால் இடமாற்றம் 6 முறை நடக்கும். மீனா ஒவ்வொரு இடமாக இடிபட்டுக்கொண்டே கடைசிக்குப் போவாள்.

எண்கள் என்றால் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டிரிங் என்றால் அப்படி இல்லை. பெயர்களை இரண்டு பரிமாண அர்ரேயில் வைத்திருந்தால், ஒரு இடமாற்றத்துக்கு ஸ்டர்காப்பி என்ற நகல் எடுக்கும் ஃபங்ஷனை மூன்று முறை கூப்பிட வேண்டும்: ஒன்றை டெம்ப் என்ற தற்காலிக இடத்துக்கு, இன்னொன்றை இதன் இடத்துக்கு, டெம்ப்பை அதன் இடத்துக்கு. ஒவ்வொரு ஸ்டர்காப்பியும் பெயரின் கடைசியில் இருக்கும் பூஜ்யம் வரை ஒவ்வொரு பைட்டாக நகல் எடுக்கும். 2 இடமாற்றம் என்றால் 6 நகல், 6 இடமாற்றம் என்றால் 18. செலக்‌ஷன் சார்ட்டுக்கு உள்ள ஒரே பெரிய நல்ல குணம் இதுதான், பெயர்களின் எண்ணிக்கை என் என்றால் என்-1 இடமாற்றத்தைத் தாண்டவே தாண்டாது. அந்தக் குணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. வைவாவில் நான் முதலில் கேட்பதும் இதுதான்: உன் புரோகிராமில் மின் எங்கே?

பெயர்களின் மெமரி முகவரிகளை மட்டும் வைக்கும் பாயிண்டர் அர்ரே வைத்துக்கொண்டால் நகல் எடுக்கும் வேலையே போய்விடும். பெயர்கள் மெமரியில் அவை இருந்த இடத்திலேயே இருக்கும், முகவரிகள் மட்டும் இடம் மாறும். 64 பிட் மெஷினில் ஒரு முகவரி 8 பைட், பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதே 8 தான். பாயிண்டர் என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு அது எதற்கு உதவும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சரி, இப்போது அந்த ஒப்பிடும் வரிக்கு வருவோம்.

எண் புரோகிராமை அப்படியே திருத்துகிறவர்கள் சிலர் பெயர்[ஐ] > பெயர்[ஜே] என்றே விட்டுவிடுவார்கள். கம்பைலர் பிழை காட்டாது. புரோகிராம் ஓடும். பட்டியல் மட்டும் கொடுத்தபடியே திரும்பி வரும். ஏன் தெரியுமா? சி-யில் அர்ரேயின் பெயரை இப்படி எழுதினால் அது முகவரி. இரண்டு பெயர்களை ஒப்பிடுவதாக நினைத்து இரண்டு முகவரிகளை ஒப்பிடுகிறோம். அர்ரேயில் பின்னால் இருக்கும் வரிசையின் முகவரி எப்போதுமே பெரியது, அதனால் அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது, ஒரு இடமாற்றமும் நடக்காது. முதல் வரிசையின் முகவரியையும் இரண்டாவதன் முகவரியையும் அச்சிட்டுக் காட்டினால், அறிவிப்பில் கொடுத்த நீளம் அளவுக்கு வித்தியாசம் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதனால்தான் ஸ்டர்கம்ப். அது இரண்டு ஸ்டிரிங்கையும் முதல் பைட்டிலிருந்து ஒன்றாக நடத்திக்கொண்டு போகும். எங்கே முதலில் வேறுபடுகிறதோ அங்கே நின்று, எது பெரிய எண் என்று பார்க்கும். முதல் ஸ்டிரிங் சிறியது என்றால் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு எண், சமம் என்றால் பூஜ்யம், பெரியது என்றால் பூஜ்யத்துக்கு மேலே ஒரு எண். சி தரநிலை சொல்வது அவ்வளவுதான். 1 என்றோ -1 என்றோ அது உறுதி தரவில்லை. விடை 1-க்குச் சமமா என்று பார்க்கும்படி எழுதிய புரோகிராம் ஒரு கம்பைலரில் ஓடி இன்னொன்றில் படுத்துவிடும். பூஜ்யத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்த ஒப்பீட்டில் எழுத்து என்ற எண்ணமே கிடையாது, எண் மட்டும்தான் என்பது ஆங்கிலத்திலேயே தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சிறிய எழுத்துகள் 97 முதல் 122 வரை. பெரிய இசட்டின் எண் 90, சிறிய ஏ-யின் எண் 97. ஆகவே பெரிய இசட்டில் தொடங்கும் சொல் சிறிய ஏ-யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். லினக்ஸில் இதற்கு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காமல் ஒப்பிடும் ஸ்டர்கேஸ்கம்ப் இருக்கிறது. அது சி தரநிலையில் இல்லை, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் உள்ளது. இல்லாத இடத்தில் இரண்டு பக்கமும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும் ஒரு ஃபங்ஷன் நாமே எழுதலாம், பத்து வரிக்குள் முடிந்துவிடும். கவனித்தீர்களா? சார்ட் செய்யும் பகுதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளை மட்டும் மாற்றினோம், வரிசையே மாறிவிட்டது.

வேகத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. 60 பேர் உள்ள வகுப்புக்கு 1,770 ஒப்பீடு, கண் இமைப்பதற்குள் முடியும். ஒரு லட்சம் பெயர் என்றால் கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடு. மெர்ஜ் சார்ட் போன்ற ஒன்று அதே வேலையை ஏறக்குறைய 17 லட்சம் ஒப்பீட்டில் முடித்துவிடும். பெரிய பட்டியலுக்கு இதை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அவர்கள் முதலில் இருந்த முன்பின் வரிசையை இது காப்பாற்றாது. குமார், குமார், அமுதா என்று கொடுத்தால் முதல் சுற்றிலேயே அமுதா முதல் குமாரோடு இடம் மாறிக்கொள்வாள், முன்னால் இருந்த குமார் பின்னால் போய்விடுவான். பெயரோடு மதிப்பெண்ணும் சேர்ந்து வரும் பட்டியலில் இது முக்கியம்.

ஒருநாள் லேபில், தமிழ் வழியில் படித்து வந்த மாணவன் ஒருவன் கேட்டான்.

"மேடம், பேரைத் தமிழ்லயே டைப் பண்ணலாமா?"

"பண்ணிப் பாருப்பா. உபுண்டுலதானே இருக்க, எடுத்துக்கும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டான். "சார்ட் ஆகுது மேடம். ஆனா அமுதாவுக்கு முன்னாடி அன்பு வருது. அது தப்புதானே?"

அவன் கொடுத்திருந்தது ஆறு பெயர். டெர்மினலில் எழுத்துகள் கொஞ்சம் கலைந்து தெரிந்தாலும் வரிசை தெளிவாக இருந்தது: அன்பு, அமுதா, பழனி, பவானி, மனோ, மலர். மூன்று ஜோடியும் தலைகீழ். நம் வரிசையில் மகரம் முன்னால், னகரம் கடைசி, ஆகவே அமுதாவுக்குப் பிறகுதான் அன்பு. வகரத்துக்குப் பின்தான் ழகரம், ஆகவே பவானிக்குப் பிறகு பழனி. லகரத்துக்கு ரொம்பப் பின்னால் னகரம், ஆகவே மலருக்குப் பிறகு மனோ. கரும்பலகையில் நான் ஓட்டிய ஐந்து பெயர்களும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கியதால் இந்தச் சிக்கல் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அவன் கேட்டது மிக நல்ல கேள்வி. மின் சரியாக இருக்கிறது, லூப் சரி, ஸ்டர்கம்ப்பும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அப்படியென்றால் தவறான வரிசை எங்கிருந்து வந்தது?

எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 2944-இலிருந்து 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ந 2984, ன 2985, ம 2990. நகரத்தை ஒட்டியே னகரம் உட்கார்ந்திருக்கிறது, மகரத்துக்கு முன்னால். அதேபோல ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று நாம் ஒப்பிக்கும் வரிசையில் கடைசி நான்கும் அங்கே சிதறிப் போயிருக்கின்றன. எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்பதைத் தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே சொல்கிறது. அந்தக் கடைசி எழுத்து இங்கே நடுவில் இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்ற திட்டத்தில் வந்தது இஸ்கி. அதன் 1988 வடிவத்தின் அமைப்பைத்தான் யூனிகோட் எடுத்துக்கொண்டது. எல்லா மொழியிலும் ஒத்த எழுத்து ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம், தேவநாகரி அதற்கு அச்சாக இருந்தது. வடமொழி எழுத்து வரிசையில் இல்லாத ன, ற, ழ மூன்றும் அவற்றுக்கு நெருங்கியதாகக் கருதப்பட்ட எழுத்துகளின் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்து மாற்ற அந்த ஏற்பாடு வசதி. அகரவரிசைக்கு வசதி இல்லை. இதைத் தமிழுக்கு மட்டும் நேர்ந்த அநியாயமாக நான் பார்ப்பதில்லை. மேலே இரண்டு புள்ளி வைத்த ஓ-வை ஸ்வீடன்காரர்கள் இசட்டுக்கும் பின்னால் வைப்பார்கள், ஜெர்மானியர்கள் சாதாரண ஓ-வோடு சேர்த்தே வைப்பார்கள். ஒரே எழுத்து, ஒரே எண், இரண்டு வரிசை. எழுத்துக்கு எண் கொடுப்பது அதை அடையாளம் காண. வரிசை என்பது தனி வேலை, அதற்குத் தனி விதி வேண்டும். யூனிகோடே வரிசைப்படுத்தலுக்குத் தனியாக ஒரு அல்காரிதம் வைத்திருக்கிறது.

னகரத்தைவிடப் பெரிய குழப்பம் புள்ளியில் இருக்கிறது. அக்கா, அகம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதியைப் புரட்டினால் அக்கா முன்னால் இருக்கும், அகம் பின்னால் இருக்கும், ஏனென்றால் க் என்பது க-வுக்கு முந்தியது. கணினியில் க் என்று ஒரு எழுத்தே இல்லை. க என்ற குறி, அதன் பின்னால் புள்ளி என்ற இன்னொரு குறி, இரண்டும் சேர்ந்துதான் க். புள்ளியின் எண் 3021, எல்லா மெய்களுக்கும் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். இந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். இரண்டு சொல்லிலும் முதல் ஆறு பைட் ஒன்றுதான், அ-வும் க-வும். ஏழாவது பைட்டும் ஒன்றுதான், 224. எட்டாவதில் வேறுபடுகிறது. அகம் பக்கம் மகரத்தின் 174, அக்கா பக்கம் புள்ளியின் 175. ஸ்டர்கம்ப் அங்கே நிற்கிறது, அகம் சிறியது என்று சொல்லிவிடுகிறது. இப்படித்தான் வள்ளிக்கு முன்னால் வளர்மதி வந்துவிடுகிறாள்.

மூன்று பைட் என்றதும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். பெயருக்கு 20 இடம் என்று அறிவிப்பது லேப் வழக்கம், ஆங்கிலத்தில் அது தாராளம். செந்தில் என்ற பெயரில் எட்டுக் குறிகள், 24 பைட், முடிவில் பூஜ்யத்துக்கு ஒன்று, ஆக 25. இருபதில் அடங்காது. உள்ளிடுவதை வாங்கும் ஸ்கேன்எஃப் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த பெயருக்கான வரிசைக்குள் எழுதிக்கொண்டே போகும். அடுத்து கமலா என்று உள்ளிட்டால், அது இருபதாவது பைட்டுக்குப் பின்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்காரும், செந்திலின் முடிவைக் குறித்த பூஜ்யமும் போய்விடும். பிறகு முதல் பெயரை அச்சிட்டால் செந்தி, அதை ஒட்டி உடைந்த ஒரு குறி, அதை ஒட்டி கமலா என்று வரும். 100 இடம் கொடுங்கள், எஃப்கெட்ஸ் பயன்படுத்தி அளவைச் சொல்லி வாங்குங்கள், அது கொண்டுவரும் வரிமுடிவுக் குறியை நீக்கிவிடுங்கள். கெட்ஸ் வேண்டவே வேண்டாம். அளவே கேட்காமல் வாங்கும் அந்த ஃபங்ஷனை 2011 தரநிலையில் சி மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஸ்டர்கம்ப்பைத் தாங்களே எழுதிப் பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேரக்டர் என்ற வகை பல மெஷின்களில் சைன்ட், அதாவது கழித்தல் எண்ணும் அதில் வரும், -128 முதல் 127 வரை. 224 என்ற பைட் அதில் -32 ஆகிவிடும். தமிழ்ப் பைட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வரிசை கெடாது, ஏனென்றால் எல்லாமே ஒரே அளவு கீழே இறங்கியிருக்கும். ஆனால் ஸ்டிரிங் முடிவில் இருக்கும் பூஜ்யம் அப்போது -32-ஐவிடப் பெரியதாகிவிடுகிறது. விளைவு, மலர் என்ற பெயர் மலர்விழிக்குப் பின்னால் போய்விடும். ஒப்பிடும் முன் இரண்டையும் கழித்தல் எண் இல்லாத அன்சைன்ட் கேரக்டராக மாற்றிக்கொள்ள வேண்டும். சி-யோடு வரும் ஃபங்ஷன் நூலகத்தில் உள்ள ஸ்டர்கம்ப் அப்படித்தான் ஒப்பிட வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது.

சரியான தமிழ் வரிசைக்கு என்ன வழி? செட்லோக்கேல் கூப்பிட்டுத் தமிழை அமைத்துக்கொண்டு, ஸ்டர்கம்ப் இருந்த இடத்தில் ஸ்டர்கால் போடலாம். மொழியின் விதிப்படி ஒப்பிடுவதற்கென்றே சி-யில் உள்ள ஃபங்ஷன் அது. ஆனால் அந்த மெஷினில் தமிழ் லோக்கேல், அதாவது தமிழுக்கான விதித் தொகுப்பு, நிறுவியிருக்க வேண்டும், அதற்குள் யார் என்ன விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை வரும். பெரிய வேலைகளுக்கு யூனிகோட் வேலைகளைச் செய்துதரும் ஐசியூ என்ற ஃபங்ஷன் நூலகம் இருக்கிறது. பாடம் என்று பார்த்தால், நாமே எழுதுவதுதான் நல்லது. நான் அந்த மாணவனுக்குக் கொடுத்ததும் அந்த வேலைதான்.

திட்டம் இது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் நம் வரிசைப்படி ஒரு எண். உயிர் பன்னிரண்டுக்கும் 1 முதல் 12. ஆய்தம் 13. பிறகு ஒவ்வொரு மெய்யின் குடும்பத்துக்கும் பதின்மூன்று இடம்: முதலில் புள்ளி வைத்தது, பிறகு அகரம் ஏறியது, ஆகாரம் ஏறியது என்று ஔகாரம் வரை. க் 14, க 15, கா 16. குடும்பத்தின் வரிசை எண்ணைப் பூஜ்யத்திலிருந்து எண்ணி, 13-ஆல் பெருக்கி, 14-ஐக் கூட்டி, உயிரின் இடத்தைக் கூட்டினால் முடிந்தது. கடைசிக் குடும்பம் ன, வரிசை எண் 17. கடைசி எழுத்து னௌ: 17 பெருக்கல் 13 என்றால் 221, அதோடு 14, அதோடு 12. விடை 247.

கரும்பலகையில் அந்தக் கூட்டல் முடியும் இடத்தில் பின் பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து உட்காரும். சின்ன வகுப்பில் ஒப்பித்த தமிழ் எழுத்துகளின் தொகை அது. இடைவெளி எதுவும் விடாமல் வரிசையாக எண் கொடுத்தால் வேறு எண் வர முடியாதுதான். ஆனாலும் அந்தச் சூத்திரம் அந்த எண்ணில் போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கும் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. 247 என்பது 255-க்குள் அடங்கும். பூஜ்யத்தை எந்த எழுத்துக்கும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே பைட்டில் வைத்து, முடிவில் பூஜ்யம் போட்டு, அதை ஒரு சாதாரண சி ஸ்டிரிங்காகவே நடத்தலாம். அதை ஸ்டர்கம்ப்பிடம் கொடுத்தால் தமிழ் அகரவரிசையே வரும். அமுதா 15 பைட்டிலிருந்து மூன்று பைட்டாகச் சுருங்குகிறாள்: 1, 136, 94. அன்பு: 1, 235, 123. இரண்டாவது பைட்டில் 136 சிறியது, அமுதா முன்னால். அக்கா 1, 14, 16. அகம் 1, 15, 131. லெக்சிகன் வைத்த அதே வரிசை.

மாற்றும் ஃபங்ஷனில் தந்திரம் ஒன்றே ஒன்றுதான், ஒரு குறி முன்னால் எட்டிப் பார்ப்பது. மூன்று பைட்டைச் சேர்த்து ஒரு குறியின் எண்ணை எடுக்கிறோம். அது உயிரோ ஆய்தமோ என்றால் அட்டவணையில் பார்த்து எழுதிவிட வேண்டியதுதான். மெய் என்றால் அடுத்த குறியைப் பார்க்க வேண்டும். புள்ளி என்றால் 0, உயிர்க்குறி என்றால் அதன் இடம், இரண்டும் இல்லை என்றால் அது அகரம் ஏறியது, 1. முதல் இரண்டிலும் அந்த அடுத்த குறியையும் தாண்டிப் போக வேண்டும், மூன்றாவதில் தாண்டக் கூடாது. மூன்றாவதிலும் தாண்டிவிடும் புரோகிராம் மலர் என்ற பெயரில் லகரத்தை விழுங்கிவிடும்.

இந்த யோசனை சி-க்குப் புதிதில்லை. ஸ்டர்எக்ஸ்ஃபர்ம் என்று ஒரு ஃபங்ஷன் தரநிலையிலேயே இருக்கிறது. ஒரு ஸ்டிரிங்கை, சாதாரண ஸ்டர்கம்ப் கொண்டு ஒப்பிட்டாலே லோக்கேலின் வரிசை வரும்படியான இன்னொரு ஸ்டிரிங்காக அது மாற்றித் தரும். அதைத் தமிழுக்கு நாம் கையால் எழுதியிருக்கிறோம். செலக்‌ஷன் சார்ட்டோடு சேரும்போது இதற்கு ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. 60 பெயருக்கு 1,770 முறை ஒப்பிடுகிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று மூன்று பைட்டாகப் பிரித்து எண் கண்டுபிடிப்பதைவிட, முதலிலேயே 60 பெயருக்கும் ஒருமுறை மாற்றி பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்சரில் பெயரையும், அதை மாற்றிக் கிடைத்த எண் ஸ்டிரிங்கான திறவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். லூப்பில் ஒப்பிடுவது திறவை, இடம் மாறுவது ஸ்ட்ரக்சர் முழுதும்.

அந்த மாணவன் எழுதி முடித்ததும் அவன் நண்பர்கள் தங்கள் பெயரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெயாவுக்கும் ஸ்டெல்லாவுக்கும் எண் இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற கிரந்த எழுத்துகள் ஐந்துக்கும் பதின்மூன்று வீதம் 65 இடம் வேண்டும், ஒரு பைட்டில் மிச்சம் இருப்பது எட்டு. அதனால் எழுத்துக்கு இரண்டு பைட்டாக ஆக்கினோம். முதல் பைட் குடும்பம்: உயிர்கள் 1 முதல் 12, ஆய்தம் 13, மெய்கள் 14 முதல் 31, கிரந்தம் 32 முதல் 36. இரண்டாவது பைட்டில் உயிரின் இடம், அதில் புள்ளியைப் பூஜ்யத்துக்குப் பதில் 1-இல் தொடங்கினோம், இல்லையென்றால் நடுவிலேயே ஸ்டிரிங் முடிந்துவிட்டதாக ஸ்டர்கம்ப் நினைத்துக்கொள்ளும். தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் அந்த இடத்தில் எப்போதும் 1.

ஒகர ஓகாரக் குறிகளையும் கவனிக்க வேண்டியிருந்தது. கொ என்பதை ஒற்றைக் குறியோடும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஸ்டர்கம்ப்புக்கு இரண்டும் வேறு. எகரக் குறிக்கு அடுத்து கால் வந்தால் அதை ஒகரமாகவும், ஏகாரக் குறிக்கு அடுத்து கால் வந்தால் ஓகாரமாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்லி மாற்றும் ஃபங்ஷனிலேயே சேர்த்துவிட்டோம்.

க்ஷ-வில் மட்டும் நாமே ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதைத் தனி எழுத்தாகக் கிரந்த வரிசையின் கடைசியில் வைத்தால், லக்ஷ்மி என்ற பெயர் லதா, லலிதா எல்லோரையும் தாண்டிப் போய் லாவண்யாவுக்குச் சற்று முன்னால் நிற்கும். க், ஷ என்று பிரித்தே எடுத்துக்கொண்டால் லதாவுக்கு முன்னால் வரும். லட்சுமி என்று எழுதுபவர்களும் அந்தப் பக்கத்திலேயே வருவார்கள், பட்டியலில் தேடுகிறவருக்கு இரண்டும் அருகருகே கிடைக்கும். நான் பிரித்தே வைக்கிறேன், ஃபங்ஷனில் அதற்காக ஒரு வரிகூடக் கூடுதலாக எழுத வேண்டியதில்லை.